மீனுக்கு முதல் தொட்டி

பெருநாள் காசில் பிள்ளைகள் பைட்டர் மீன் வாங்கி ஜாம் போத்தலில் விடுவார்கள். மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் அது உடனே சாகாது. ஆனால் கழிவு சேரச் சேர அந்தத் தண்ணீரே நஞ்சாகிவிடும்.

வகுப்பில் நாங்கள் 20 லீட்டர் தொட்டியில் ஒரேயொரு மீன் வளர்க்கிறோம். இரண்டு ஆண் மீன்களை விட்டால் சண்டைதான். துள்ளிப் பாயும், மூடி வேண்டும். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து சேர்க்கிறோம். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரே மாற்றுகிறோம். பில்டர் ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவினால் கழிவை முறிக்கும் பக்டீரியா செத்துவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறோம்.

பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்த மீனும் அமானிதம்தான். மீன் வாங்க முதல் தொட்டியைத் தயார்படுத்திக் கொடுங்கள்.