கண்ணாடி மேல் வைத்த கடதாசி

ஆனி மாதத்து மழை எத்தகையது என்பதை நோர்வூட்டில் வாழ்ந்தவரே அறிவர். தென்மேல் பருவக்காற்று மலையில் மோதத் தொடங்கிவிட்டால், வானம் எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. கெசல்கமுவ ஓயா கலங்கிப் பெருகிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி விரையும். அத்தகைய ஒரு காலைப் பொழுதில் ஒரு தாயும் மகளும் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு வந்தனர்.

தாய் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். மகள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய என் மாணவி. புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றுக்காக அவளது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்பவேண்டியிருந்தது. தாய் ஒரு பொலித்தீன் பையை விரித்தார். குடும்பத்துக் கடதாசிகள் அனைத்தும் அதனுள் இருந்தன. "எதைக் கேப்பாங்களோ தெரியலைங்க சேர். அதனால எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்" என்றார்.

எங்கள் அலுவலகத்திலே சிறியதோர் இயந்திரம் இருக்கிறது. பழைய மாணவர் சிலர் அன்புடன் வாங்கித் தந்தது. அது அச்சிடும், பிரதி எடுக்கும், ஸ்கேனும் செய்யும் என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தது. ஆயின் ஸ்கேன் செய்த படத்தை இலிகிதரின் கணினிக்கு அனுப்பும் வழியை ஒருவரும் செய்து வைக்கவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டவர்களில் நானே முதல்வன். ஆகவே அவர்களை நகரிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பிவைத்தேன்.

மாலையில் அவர்கள் திரும்பி வந்தனர். விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் வழியிலே பை கிழிந்து நீர் புகுந்துவிட்டது. அந்தத் தாயின் தகப்பனார் பெற்ற பிரசாவுரிமைப் பத்திரம், மடிப்பிலே இரண்டாகி, மையினால் எழுதிய இரு வரிகள் கரைந்து நீலக் கறையாகியிருந்தன. அன்று எவரும் கேளாத கடதாசி அது. தாய் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருஞ் சுமையாயிற்று.

மலையகத்தில் ஒரு கடதாசியின் மதிப்பு யாது என்பதை இளம் வாசகர்கள் அறிதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தோம் என்று சான்று காட்டுபவருக்கே உரிமை என்றது. சான்றோ லயத்துக் காம்பராவில் ஏது? 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமிட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இறுதியில் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோருக்கு வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கடதாசிக்காகக் காத்திருந்த மக்களின் பிள்ளைகள் அன்றோ நாம்? அதனாலேயே அந்தத் தாய் எல்லாவற்றையும் சுமந்து வந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் அந்த இயந்திரத்தின் முன் அமர்ந்தேன். எனக்குத் தொழில் வரலாறு கற்பிப்பது, கணினி அன்று. எனினும் கைந்நூலைப் பொறுமையுடன் படித்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. அச்சிடும்போது கணினி இயந்திரத்தை அழைக்கிறது. ஸ்கேன் செய்யும்போதோ இயந்திரம் கணினியின் வீட்டுக்குச் சென்று, உள்ளே நுழைந்து, ஒரு பொருளை வைத்துவிட்டு வரவேண்டும். விருந்தாளிக்கு முகவரி தெரியவேண்டும்; உள்ளே வர அனுமதியும் வேண்டும்.

முதலில் முகவரி. எங்கள் மக்களுக்கு நெடுங்காலம் சொந்த முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயருக்குக் கடிதம் வரும், அலுவலகத்திற் கிடக்கும், எவரேனும் நினைவாக எடுத்து வந்தால் உண்டு. எங்கள் கணினியின் நிலையும் அதுவே. காற்றிலும் மழையிலும் மின்சாரம் போய் வரும்போதெல்லாம், வலையமைப்பை நடத்தும் ரூட்டர் அதற்குப் புதியதோர் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. நேற்று 192.168.1.5; இன்று 192.168.1.9. பழைய இலக்கத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் எங்கே போய்த் தேடும்? ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலே, இந்தக் கணினிக்கு என்றும் இந்த இலக்கமே என்று ஒதுக்கிவைத்தேன்.

அடுத்து அனுமதி. கணினியில் 'வரவு' என்றொரு கோப்புறை அமைத்து அதனை வலையமைப்பிற் பகிர்ந்தேன். இயந்திரத்துக்கென்றே தனியானதொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அந்த ஒரு கோப்புறையில் மட்டும் எழுதலாம் என வரையறுத்தேன். வீட்டுக்கு வருபவரிடம் திண்ணையைக் காட்டுகிறோம். பெட்டகத்தின் சாவியைக் கொடுப்பதில்லை. எங்கள் வலையமைப்பைப் 'பொது' என்று கருதிக் கணினி மறைந்து நின்றது. அதனைத் 'தனியார்' என மாற்றினேன். இவ்வளவும் செய்து பொத்தானை அழுத்தினேன். இணைப்புத் தோல்வி என்று திரை கூறிற்று. மும்முறை முயன்றும் அதே விடை.

விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். பல்கலைக்கழகத்திற் கணினி கற்பவன். சில நிமிடங்களிற் காரணத்தைக் கண்டுவிட்டான். "சேர், மெஷின் பேசுறது பழைய பாஷை. எஸ்.எம்.பி. ஒன்று. இந்தக் கம்பியூட்டர் அதுக்குக் கதவு திறக்காது. வேணுமென்றால் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடலாம். ஆனால் ஏன் மூடினார்கள் என்று தெரியுமா, சேர்?" என்றான். அவன் கூறியதைக் கேட்டு நான் வியந்தேன்.

2017 மே 12 ஆம் திகதி. நோர்வூட்டார் மறக்கவியலாத நாள். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில் மருத்துவமனையைத் திறந்துவைத்துவிட்டு, எங்கள் நோர்வூட் மைதானத்தில் உரையாற்றினார். தோட்டங்களெல்லாம் திரண்டு வந்த அந்தக் கூட்டத்தில் நானும் என் மாணவருடன் நின்றேன். அதே நாளில், 'வன்னாகிரை' என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அது புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்திலே மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த வாயில் இந்தப் பழைய மொழியே. மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அதற்குரிய திருத்தத்தை வெளியிட்டிருந்தது. "பிறகு பார்க்கலாம்" என்று இருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். 2017 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் பதிப்பு முதல், அந்த மொழியில் வரும் அழைப்புக்குக் கணினி இயல்பாகக் கதவு திறப்பதில்லை.

"திறக்கட்டுமா, சேர்?" என்று அவன் மீண்டும் கேட்டான். ஒரு கணம் என் மனம் ஆசைப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கணினியில் வந்து சேரப்போவன ஊரவரின் பிறப்பும், பெயரும், உரிமையும் அல்லவா? "வேண்டாம், தம்பி. இயந்திரத்துக்குப் புதிய மொழியைக் கற்பிக்க வழியுண்டா, பார்" என்றேன். உண்டு. அதனைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் புதிய உள்நிரல் இருந்தது. அதனை இறக்கி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் சென்றது. ஏற்றும்போது மின்சாரம் போய்விடக்கூடாதே என்பதுதான் எங்கள் ஒரே வேண்டுதல். அன்று அது போகவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாயை வரவழைத்தேன். உலர்ந்திருந்த பத்திரத்தின் இரு துண்டுகளையும் கண்ணாடியின் மேல் நானே பொருத்தி வைத்தேன். நைந்த கடதாசியைத் தாளிழுக்கும் தட்டில் இடலாகாது. உருளையில் அகப்பட்டுக் கிழியும். விளக்கு மெல்ல ஊர்ந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளியாக ஒரு ஏ4 தாளை வாசிப்பதென்றால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். அத்தனையும் சுவரைக் கடந்து சென்று 'வரவு' கோப்புறையில் வந்திறங்கின. உலகில் முதன்முதலாகக் கணினிக்குள் ஸ்கேன் செய்யப்பட்ட படம், 1957 இல் அமெரிக்க அறிஞர் ரசல் கிர்ஷ் என்பவர் எடுத்துக்கொண்ட தம் கைக்குழந்தையின் புகைப்படம். அதில் 176 வரிசைகள், வரிசைக்கு 176 புள்ளிகள், அவ்வளவே. அவரும் தம் குடும்பத்துப் பொருளொன்றையே முதலில் ஸ்கேன் செய்தார் என்பதை எண்ணி மகிழ்ந்தேன்.

கரைந்த இரு வரிகள் திரையிலும் கறையாகவே தெரிந்தன. போனதை இயந்திரம் மீட்டுத் தரவில்லை. எஞ்சியதை மட்டுமே காத்தது. பெயரும், இலக்கமும், முத்திரையின் பாதியும் இருந்தன. தாய் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது இனி நனையாதுங்களா சேர்?" என்று கேட்டார். நனையாது என்றேன். ஆனால் தொலையலாம், திருடப்படலாம் என்பதையும் சொன்னேன். ஆதலால் படத்தை மகளின் கையிற் கொடுத்தபின், எங்கள் கோப்புறையிலிருந்து அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிட்டோம். எவர் கடதாசிக்கும் இப்போது எங்கள் அலுவலகத்தில் இதுவே வழக்கம். மூலப் பத்திரத்தை இரு அட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

பெற்றோர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலையிலும், சங்கத்திலும், கோயில் அலுவலகத்திலும் இத்தகைய இயந்திரம் ஒன்று பாதி வேலை செய்தபடி இருக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன் ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். எனக்கு ஒரு சனிக்கிழமைதான் சென்றது. அதை ஒரு வாரம் முன்னதாகச் செய்திருந்தால் அந்த இரு வரிகளும் இன்று இருந்திருக்கும்.