சூடான இன்ஜினை நம்பாதே!

ஊட்டிப் பக்கம் பழைய பைக் பார்க்கப் போகிறீர்களா? காலை ஏழு மணிக்கே போய், ஓனர் வணக்கம் சொல்வதற்குள் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் மாதிரி இருந்தால் ஆசாமி யோக்கியன். சுட்டால், உங்களுக்கு முன்னால் நாற்பது உதை வாங்கிய வண்டி அது!

குன்னூர் டீ ஃபாக்டரி ஒன்றில் கிளார்க்காக இருக்கும் என் சித்தப்பா பையனுக்கு ஆர்.எக்ஸ்.100 மீது தீராத காதல். வெலிங்டன் பக்கம் ஒன்று விலைக்கு வந்தது. துணைக்கு நான். பி.காமில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். வருஷம் போகப் போகப் பொருளின் மதிப்பு குறையுமாம். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன இந்த வண்டிக்கோ விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த வாத்தியாரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொட்டேன். சுட்டது. ''சும்மா கடை வரைக்கும் போனேன் சார்...'' என்றார் ஓனர். ''பரவாயில்லை, ஆறட்டும்'' என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். தம்பி சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சம்சாரத்தின் வளையலை அடகு வைத்த பணம் அது.

சும்மா உட்காரவில்லை. மலையில் மஞ்சுதான் முதல் எதிரி. பெயின்ட் புதுசாகப் பளபளக்கும். சீட்டைத் தூக்கினால் துரு. டேங்க்குக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கணும். எஸ்டேட் ரோட்டுக் கல்லில் ஓடின வண்டி என்றால் ஸ்போக்ஸ் லூஸாகும், ஃபோர்க்கில் ஆயில் கசியும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் வீலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டொக்'கென்றால் ஸ்விங் ஆர்ம் புஷ் போச்சு.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கறுப்பு. தம்பி முகமும் கறுத்தது. அதற்கு மட்டும் பயப்பட வேண்டாம். குன்னூர் 6,000 அடி உயரம். காற்றில் அடர்த்தி குறைவு, பெட்ரோல் பங்கு கூடிவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் டியூன் பண்ணின வண்டி இங்கே கறுப்பாகத்தான் துப்பும். கார்புரேட்டரைச் சரி பண்ணினால் போதும்.

பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு. டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடினாலும் இன்ஜின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக் தலையில். இந்த வண்டிக்கு இரண்டுமே டிரம் பிரேக், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். இன்னொரு வில்லங்கம்... ஆக்ஸிலேட்டரை மூடினால் இன்ஜினுக்குப் போகும் ஆயிலும் குறையும். இன்ஜினோ விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் தேய்வதும், சமயத்தில் ஒரேயடியாக ஜாம் ஆவதும் இப்படித்தான். அதனால் ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'ஆஹா' என்று திரும்பிவிடக் கூடாது.

ஓட்டிப் பார்த்தோம். குறை சொல்ல முடியாது, பிரேக்கும் தேவலை. தம்பி பணத்தை வெளியே எடுத்தேவிட்டான்.

''ஒரு நிமிஷம்டா'' என்று ஆர்.சி. புக்கை வாங்கினேன். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் சரி. இன்ஜின் நம்பரில் கடைசி நான்கு இலக்கம் வேறு!

''இன்ஜின் மாத்தினோம் சார், எல்லாரும் பண்றதுதானே...''

மாற்றலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கணும். வந்த இன்ஜின் எந்த வண்டியுடையது, அதன் மேல் என்ன கேஸ் என்று யார் கண்டது? பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். அப்போது நம்பர் பார்ப்பார்கள். மாட்டுவது தம்பி.

கிளம்பும்போது அவன் என்னோடு பேசவில்லை. பர்லியார் வரை பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கோத்தகிரியில் ஒரு ஸ்ப்ளெண்டர் வாங்கினான். டி.என்.43, ஒரே ஓனர், நம்பரெல்லாம் சுத்தம். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் பேரும் மாற்றியாச்சு. வளையல் பணத்தில் மிச்சம்கூட இருந்தது. தம்பி சம்சாரம் எனக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டாள்.

அவன் மட்டும் இன்னும் குறைப்படுகிறான்: ''வண்டி நல்லாத்தான் இருக்குண்ணே... ஆனா ஸ்டார்ட் பண்ணினா தெருவுல ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறானே!''