பாட்டி சொன்ன குறைகள்

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்காக ஒரு கருவி செய்து கொண்டுவந்தாள். வளையும் கம்பிகளால் பின்னிய கூண்டு, அதற்கொரு குழாய்ப் பிடி. செம்பனை மரத்தடியில் உருட்டினால் உதிரிப் பழம் கம்பியை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். குனிய வேண்டியதில்லை.

எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். இன்று குலை வெட்டுவதற்கு மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் மோட்டார் அரிவாள் இருக்கிறது. கீழே உதிர்வதைப் பொறுக்கப் பெரும்பாலும் கையும் இடுப்பும்தான். உதிரியில்தானே எண்ணெய் அதிகம், விட்டுவிட்டும் வர முடியாது. என் தாயாரும் பழம் பொறுக்கியவர்தாம். 'இடுப்பு எப்படி இருக்கிறது அம்மா?' என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கருவியைத் தன் பாட்டியிடம் கொடுத்துப் பார்த்த மாணவி, அவர் சொன்னதை எல்லாம் நோட்டில் அப்படியே எழுதியிருந்தாள்.

"கல்லையும் சேத்து அள்ளுது."

"மழை பேஞ்சா சேறு அப்பிக்குது."

"நெறஞ்சா வாளியவிட கனம்."

"பிடி ஒன் ஒசரத்துக்கு இருக்கு கண்ணு. இதப் புடிச்சாலும் நான் குனியத்தான் வேண்டியிருக்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இப்படிக் கொச்சையாக எழுதினால் நன்றாகவா இருக்கும்? திருத்தி எழுதம்மா" என்றேன். பிள்ளை கீழ்ப்படிந்தாள். 'கருவி பயனுள்ளது. சில குறைகள் உள்ளன' என்று அழகான கையெழுத்தில் இரண்டே வரி.

மறுவாரம் திருத்த உட்கார்ந்தோம். எந்தக் குறையை? எப்படித் திருத்துவது? அந்த இரண்டு வரியில் ஒன்றுமே இல்லை. அவள் மெல்ல, "டீச்சர், கிழிச்ச தாளு பையிலதான் இருக்கு" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கசங்கிய தாளை நோட்டிலேயே ஒட்டினோம். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் என்று எழுத இடம் விட்டோம். பாட்டியை நிற்கவைத்து அளந்து, பிடியை ஒரு சாண் நீட்டினோம். கூண்டைச் சிறிதாக்கியதில் கனம் குறைந்தது. சேற்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இரண்டாம் முறை பாட்டி நிமிர்ந்து நின்றே உருட்டினாராம். நோட்டில் புதிய தேதியிட்டு அவள் எழுதியிருந்தாள்: "கல்லு இன்னும் வருது."

நான் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.