1500 என்ற எண்

மீட்டரில் சரியாக 1500 என்று ஒளிரும் மோட்டாரை நான் நம்புவதில்லை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டரில் மின்னோட்டமே தூண்டப்படாது. இந்தப் பின்தங்கலுக்குப் பெயர் ஸ்லிப். சுமை ஏற ஏற ஸ்லிப்பும் ஏறும். முழுச் சுமையில் 1475 என்று தகட்டில் போட்டிருந்தால், மோட்டாரின் மொத்த உழைப்பும் மீதி 25 சுற்றுக்குள்தான்.

நான் வேலை பார்த்த செம்பனை மில்லில் ஒரு கன்வேயர் மோட்டாருக்கு, சுற்றுக்கு ஒரு பல்ஸ் தரும் சென்சார். பேனல் மீட்டர் ஒரு செகண்டில் வரும் பல்ஸை எண்ணி 60ஆல் பெருக்கும். 24 வந்தால் 1440, 25 வந்தால் 1500. நடுவில் இருப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் மாறி மாறி வரும். மேலாளர் 1500ஐ மட்டும் பார்த்தார்.

"தம்பி, இது மூச்சு வாங்குதுலா, சத்தத்தக் கேளு" என்றார் சார்ஜ்மேன் அண்ணன். மீட்டிங்கில் அதைச் சொன்னபோது சிரித்தார்கள். சத்தத்துக்கு யூனிட் இல்லையாம். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோட் ரிலேயை யாரோ ஏற்றிவைத்திருந்ததைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

மோட்டாரை நிறுத்தி, லாக் போட்டு, ஷாஃப்டில் ஒளி திருப்பும் டேப் ஒட்டினோம். கையில் பிடிக்கும் லேசர் டாக்கோமீட்டர் பல்ஸை எண்ணிக்கொண்டிருக்காது. ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளக்கும். சுற்றுக்குச் சுமார் 41 மில்லி செகண்ட். அதனால் ஒற்றைச் சுற்று வித்தியாசம்கூடத் தெரியும்.

இன்னொரு தொல்லை. மில்லுக்கு மின்சாரம் சொந்த நீராவி டர்பைனிலிருந்து வருகிறது. நாரும் ஓடும் எரித்து ஓட்டுவது. ஃபிரீக்வன்சி ஒரு சதவீதம் இறங்கினாலே 15 சுற்று போய்விடும். ஆகவே அண்ணன் ஃபிரீக்வன்சியையும் வோல்டேஜையும் கத்திச் சொல்ல, அதே நொடியில் நான் வேகத்தைக் குறித்தேன். 50.0, வோல்டேஜ் சரி. வேகம் 1469.

ஸ்லிப் 31. இருக்கவேண்டியது 25. தோராயக் கணக்குதான், ஆனால் சுமை கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். கன்வேயரைத் திறந்து பார்த்தால் கடைசி பேரிங் கிரீஸே இல்லாமல் காய்ந்து கிடந்தது.

ரிப்போர்ட்டின் முதல் வரியில் "சார்ஜ்மேன் சத்தத்தை வைத்து முன்பே எச்சரித்தார்" என்று எழுதினேன், 1469 இரண்டாவது வரி. மேலே போய்த் திரும்பிவந்த பிரதியில் 1469 முதல் வரியாக இருந்தது.