என் கேள்விக்கு யாரிடம் பதில் கேட்பது?

இந்த இதழில் நீங்கள் கேட்பீர்கள், நான் பதில் எழுதுவேன். தென்னையில் குரும்பை உதிர்கிறது, கரும்பில் இடைக்கணுப் புழு விழுந்திருக்கிறது என்று வரும் கடிதங்களுக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டேன். போன மாதம் எனக்கே ஒரு கேள்வி வந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

மடத்துக்குளம் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்ததையும் கேட்டதையும் நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். குமரலிங்கம், கொழுமம், கணியூர், காரத்தொழுவு என்று அமராவதிப் பாசனத்து ஊர்கள் எல்லாம் அதில் உண்டு. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ நம் தென்னைக்கும் வந்தபோது, விஷ மருந்தடிக்க ஓடியவர்கள் இருந்தார்கள். ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறி கட்டி, என்கார்சியா ஒட்டுண்ணி பெருகும்வரை பொறுத்திருந்தவர்களும் இருந்தார்கள். யாருக்கு என்ன பலன் என்பதை மரக்கணக்கோடு எழுதி வைத்திருக்கிறேன். இப்படிப் பதினோரு நோட்டுகள்.

இதைப் புத்தகமாக்க ஆசை. முதலில் கேட்ட இடத்தில் அச்சுச் செலவை என்னையே தரச் சொன்னார்கள். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கவும் தனியாகப் பணம் கேட்டார்கள். நம் நாட்டில் அந்த எண்ணை அரசு இலவசமாகத் தருகிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பனியன் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்த சேமிப்பில் பதிப்பகம் தொடங்கியவர். இதுவரை போட்டது இரண்டே புத்தகம். "நீங்க ஒரு ரூபா தர வேண்டாமுங்க சார். கையெழுத்து மட்டும் போடுங்க" என்று நான்கு பக்க ஒப்பந்தத்தை வைத்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் அன்றைக்கே பேனாவைத் திறந்தேன்.

என் மனைவி தடுத்தாள். "ஏனுங்க, கோழிப்பண்ணைக்காரர் வந்தா வரிக்கு வரி படிக்கச் சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் படிக்காமலே கை ஓடுதே?"

பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகள் நிறைய. கோழி என் துறை இல்லை என்றாலும் தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆனால் அவள் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது வேறொருவர். வருஷங்களுக்கு முன் மக்காச்சோள விதை உற்பத்திக்கு ஒரு கம்பெனியின் தாளோடு வந்தார். அவசரத்தில் இருந்த நான் படிக்காமலே, "பரவாயில்லை, போடுங்க" என்றேன். முளைப்புத்திறன் குறைந்தால் எடுக்க மாட்டோம் என்று உள்ளே ஒரு வரி இருந்தது. விளைச்சல் முழுவதும் அவர் களத்திலேயே கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே" என்று இருந்தது. எப்போது அச்சிடுவார்கள் என்று இல்லை. விலையில் 10 சதவீதம் உரிமைத்தொகை என்று இருந்தது, கணக்கு எப்போது தருவார்கள் என்று இல்லை.

நமக்குப் புரியும்படி சொன்னால், காலம் போட்டு உரிமை கொடுப்பது குத்தகை, நிரந்தரமாகக் கொடுப்பது கிரயம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை இருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிவிடும். 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல்லில் நான் என் பேரன் காலத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்க இருந்தேன்.

பாரதியார் 1921-ல் மறைந்த பிறகு அவர் எழுத்தின் உரிமை கைமாறிப் போனது. பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஒரு சினிமாக் கம்பெனியிடம் இருந்தது. 1949-ல் அரசு தலையிட்டு வாங்கி, பிறகு நாட்டுக்கே பொதுவாக்கியது. என் நோட்டு அந்த உயரம் இல்லை. ஆனால் அதிலும் பாதி என்னுடையதே இல்லை.

கொழுமத்துப் பெரியவர் ஒருவரிடம் புத்தக விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுங்க சார். நம்மூருப் பசங்க வேணுங்கற பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்ததை, அவர் ஊருக்கே கொடுக்க நான் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

தம்பியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிப்போனார். "வேற ஒரு தாளைப் பாத்து டைப் அடிச்சதுங்க சார். ஏமாத்தணும்னு இல்லீங்க. போட்ட காசு திரும்பவே சில வருஷம் ஆகுமுங்க" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 200 ரூபாய் விலையில் 500 பிரதியும் விற்றால் எனக்கு வருவது 10,000 ரூபாய். அதற்குள் அவர் தாள், அச்சு, கடைக்காரர் கழிவு எல்லாம் பார்த்தாக வேண்டும். நஷ்டம் வந்தால் அது அவர் தலையில்தான்.

இரண்டு மணி நேரம் பேசினோம். உரிமை ஐந்து ஆண்டுக்கு. ஓராண்டுக்குள் அச்சு. வருஷா வருஷம் மார்ச்சில் கணக்கு. பிரதி தீர்ந்து ஆறு மாதத்தில் மறுபதிப்பு வராவிட்டாலும், பதிப்பகம் மூடினாலும் உரிமை என்னிடம் திரும்பும். விவசாயிகளுக்குத் தனிப் பக்கங்களை இலவசமாகக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் நகலெடுக்கக் கூடாது என்று அவர் கேட்டார், சரி என்றேன்.

புதுப் பதிப்பகம் நிலைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புது ரகம் போடும்போது ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்கிறேனே, இந்த ஐந்து ஆண்டுதான் என் பாத்தி. துறை அனுமதிக்கு எழுதியிருக்கிறேன். வந்ததும் கையெழுத்துப் போடுவேன்.

உங்களிடம் யாராவது தாளை நீட்டினால், ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கோழியோ, விதையோ, கரும்போ, எதுவானாலும் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இனி படிக்காமல் "போடுங்க" என்று சொல்ல மாட்டேன்.