காமலாபுரம் வேலியோரம் ஒரு வகுப்பு

சேலத்தில் இருந்து தர்மபுரி சாலையில் போனால் கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்க மேடுகள், பிறகு ஓமலூர், அதையும் தாண்டினால் காமலாபுரம். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். வலப்பக்கம் சேர்வராயன் மலை கூடவே வரும். சேலம் விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கும் என் தோழி, "பிள்ளைங்கள விமானம் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன், நீயும் வர்றியா?" என்று கேட்டாள். போனேன். உள்ளே போக அனுமதியெல்லாம் வாங்கவில்லை. வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில்தான் வகுப்பு.

முதலில் கையில் திசைகாட்டியைக் கொடுத்தாள். ரன்வேயின் ஒரு முனையில் 04 என்றும், மறுமுனையில் 22 என்றும் எழுதியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு சைபர் சேர்த்தால் 40 டிகிரி, 220 டிகிரி. அதாவது வடகிழக்கு, தென்மேற்கு. "ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?" என்றாள். "நூத்தி எண்பதுங்க டீச்சர்!"

"சரி, ஆடி மாசம் காத்து எங்கிருந்து வரும்?" இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. அம்மியைப் பறக்கவிடும் காற்று தென்மேற்கில் இருந்து வருவது காட்டுவேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஐப்பசியில் வடகிழக்கு. விமானம் காற்றுக்கு எதிராக ஓடித்தான் ஏறும். இரண்டு பருவக்காற்றையும் ரன்வே நேருக்கு நேர் பார்த்துக் கிடப்பதை ஒரு பெண்ணே கண்டுபிடித்துச் சொன்னாள். புவியியல் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் படித்த காலத்தில் பருவக்காற்றை மனப்பாடம் செய்ததோடு சரி.

அடுத்து, விமானம் எதனால் ஆனது என்ற கேள்வி. பெரும்பாலும் அலுமினியம். அது பாக்சைட் என்ற செம்மண் நிறக் கல்லில் இருந்து வருகிறது. அந்தக் கல்லை ஏற்காட்டிலும் நாமக்கல் கொல்லிமலையிலும் வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டுபோன காலம் உண்டு. ஒரு பையன், "எங்க தாத்தா அந்த லாரிதான் ஓட்டுனாருங்க" என்றான். அதற்குப் பிறகு வேதியியலில் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

தமிழும் வந்தது. புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வான ஊர்தி வருகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயையை மயில் போன்ற பொறியில் ஏற்றித் தப்பவைக்கிறான். அது சுடுகாட்டில் இறங்குகிறது. "அப்ப நாமதான் மொதல்ல விமானம் கண்டுபிடிச்சமா?" என்று கேட்டான் ஒருவன். "கற்பனை வேற, கண்டுபிடிப்பு வேறடா கண்ணு. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல" என்றாள். எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

இந்த நிலையத்தின் கதையே ஒரு வரலாற்றுப் பாடம்தான். 1993-ல் திறந்தார்கள். விமானங்கள் வருவதும் நிற்பதுமாக இருந்தன. 2009-ல் கிங்ஃபிஷர் வந்து சில காலத்தில் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

ரன்வே நீளம் 1,806 மீட்டர். விசிறி சுழலும் ஏடிஆர் விமானத்துக்குப் போதும், பெரிய ஜெட்டுக்குப் போதாது. சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குக் கிடைக்கும் தாங்கல் குறையும், இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். "அப்ப ரன்வேயை நீட்டிட்டாப் போச்சு" என்றது ஒரு குரல்.

பின்வரிசையில் இருந்த பொட்டியபுரத்துப் பையன் எழுந்தான். "எங்க நெலத்தையும் அளக்க வந்தாங்க டீச்சர். அப்பாயி ரோட்டுல உக்காந்து அழுதுச்சு."

2018-ல் விரிவாக்கத்துக்கென்று காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். தோழி உடனே பேசவில்லை. பாடத்திட்டத்தில் இதற்கு எந்தப் பாடம் என்று அவளுக்கும் தெரியாதோ என்னவோ. பிறகு கரும்பலகை அட்டையில் 570 என்று எழுதி, "இப்ப இருக்குற நிலையம் சுமார் 136 ஏக்கர். இது அதைவிட எத்தனை மடங்கு, போடுங்க" என்றாள். நாலு மடங்குக்கு மேல். பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதற்குள் மலைப்பக்கம் இரைச்சல் கேட்டது. சின்னதாகத் தெரிந்த விமானம் சரசரவென்று பெரிதாகி இறங்கியது. கத்தி ஓய்ந்தார்கள். பொட்டியபுரத்துப் பையனும் சேர்ந்துதான் கத்தினான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வீட்டுப்பாடம் சொன்னாள்: வீட்டில் எவ்வளவு நிலம், என்ன பயிர், எந்தத் தண்ணி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். நிலம் இல்லாதவர்கள், வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதலாம்.

அந்தப் பையன் கிட்ட வந்து, "ஏக்கர்லதான் எழுதணுமாங்க டீச்சர்? எங்களுது சென்ட் கணக்குதானுங்க" என்றான்.

"சென்ட்லயே எழுதுடா" என்றாள்.