முற்பணம்

நூல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதே என் தொழில். கல்முனையில், வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பிரின்டரும்தான் முதலீடு. மாதச் சம்பளம் கிடையாது. புதிதாக ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு வந்தால், கூலியில் பாதியை முற்பணமாகக் கேட்பேன். பலருக்கு முகம் சுருங்கிவிடும்.

"என்ன தம்பி, நம்மட ஆக்களுக்குள்ள அட்வான்ஸா? வெளியீடு முடிஞ்ச கையோட தாறன்."

நமது நூல் வெளியீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த வாக்குறுதியின் கனம் தெரியும். எழுதியவரே செலவழித்து 300 அல்லது 500 பிரதிகள் அச்சிடுகிறார். முதற்பிரதி பெறும் தனவந்தரின் கவரும், சிறப்புப் பிரதி பெறுவோரின் கவர்களும்தான் அவர் எதிர்பார்க்கும் வருமானம். அன்று தனவந்தர் வராவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அச்சகத்துக்கு ஏற்கனவே கட்டியாயிற்று. கட்டாமல் புத்தகம் வெளியே வராது. பிழைத்த கணக்கு என் தலையில்தான் விழும்.

அச்சகத்தில் முற்பணம் கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அந்நாட்களில் எங்கள் பக்கத்து அச்சகங்கள் முழுப்பணத்தையும் முதலிலேயே கேட்டன. முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். கடதாசி கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று தரம் ஒப்புநோக்கித் திருத்திய இரவுகள் தெரிவதில்லை.

வாடிக்கையாளராக வந்த மௌலவி ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். "வேலை இடையில நிண்டா அந்தச் சல்லி உங்களுக்கா?"

நியாயமான கேள்வி. வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணத்தை இழக்கும் 'உர்பூன்' முறையை ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. ஆனால் விலையை முன்கூட்டியே செலுத்தும் 'ஸலம்' வியாபாரத்தை, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அது விளைபொருளுக்குச் சொன்னதுதான். என்றாலும், முதலில் பணம் வாங்குபவன் எதை, எவ்வளவு, எப்போது தருவேன் என்று சொல்லியாக வேண்டும் என்ற நியாயம் என் தொழிலுக்கும் பொருந்தும்.

ஆகவே ஒரு தாளில் எழுதுகிறேன்: எத்தனை பக்கம், எத்தனை தரம் திருத்தம், எந்தத் திகதி, என்ன கூலி. வேலை நின்றால் முடித்த பக்கங்களுக்கு மட்டும் கழித்து மீதியைத் திருப்புவேன். மீதிக் கூலி கைக்கு வந்த பிறகே அச்சுக்கான கோப்பு போகும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நினைவூட்டினேன். மௌலவி சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

160 பக்கத் தொகுதியொன்றை இடைநடுவில் விட்டு ஒருவர் கட்டார் போய்விட்டார். முற்பணத்தில் கழித்தது போக மீதியை அவரது மனைவியிடம் கொடுத்தோம். இன்றும் பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புகிறார். கடன் நின்றிருந்தால் அந்த ஸலாமும் நின்றிருக்கும்.

முற்பணம் தர வசதியில்லாத மூத்த எழுத்தாளர்களும் வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு இலவசமாகவே செய்கிறேன். ஆனால் இலவசம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுகிறேன். ஸதகா வேறு, கூலி வேறு. அவற்றைக் கலந்தால் கொடுத்தவனுக்கும் நிம்மதியில்லை, பெற்றவருக்கும் இல்லை.